கழற்றி மாட்டும் கூரை

என் வீட்டுக்காரர் விளாத்திகுளத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் ஜீப்பில் திரும்பி வந்தார். ஓட்டி வந்தது அவரேதான். அங்கே ஒரு மிளகாய் வியாபாரியின் களத்தில் அது விலைக்கு நின்றிருக்கிறது. "பாத்தேன், பிடிச்சிது, வாங்கிட்டேன்" என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர்.

நான் வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். பச்சை நிறம், நல்ல சக்கரங்கள். மேலே கூரை மட்டும் தகரமாக இல்லை. கறுப்பு ரெக்சின். பக்கங்களிலும் பின்னாலும் ஜன்னலுக்குப் பதில் தடித்த பிளாஸ்டிக் தாள். அதை ரெக்சினோடு ஜிப் வைத்துத் தைத்திருந்தார்கள். சுற்றிலும் வரிசையாக டிச் பட்டன்கள்.

"என்னங்க இது, மேல கூரைக்குப் பதிலா பை மாட்டிருக்கு?"

"அதான் விசேஷமே. வேணும்னா மாட்டிக்கிடலாம், வேண்டாம்னா கழட்டிரலாம். கடல் காத்து வாங்கிட்டே போலாம் பாத்துக்க."

எங்களுக்குக் கடல் காற்று வாங்க ஜீப் தேவையில்லை. வீடு தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில். அவருக்கு வேலை துறைமுகத்தில், கப்பல் சரக்குக்குக் காகிதம் பார்க்கும் ஒரு அலுவலகத்தில். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். மகள் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உப்புக் காற்று எங்கள் வீட்டுக் கதவின் கீலையும் சைக்கிள் செயினையும் வருஷம் முழுவதும் தின்றுகொண்டே இருக்கிறது. இதில் ஒரு ரெக்சின் கூரை எத்தனை நாள் தாங்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வெளியே சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தை மாதத்தில் ஒரு விடிகாலை கூரையைக் கழற்றினோம். கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. பனி இறங்கி ரெக்சின் முழுக்க ஈரமாக இருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. போர்வை மடிப்பதுபோல நாலாக மடித்து, ஒரு சாக்கில் திணித்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் தள்ளிவிட்டு, கடற்கரைக்குக் கிளம்பிவிட்டோம்.

அந்தக் காலையை நான் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் உப்பளங்களுக்கு நடுவே போவது எனக்கும் பிடித்திருந்தது. உப்புக் குவியல்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கடந்துபோயின. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அடுத்த ஏழு மாதங்கள் நாங்கள் கூரையை மறந்தே போனோம். வெயிலுக்கு அவர் தொப்பி போட்டுக்கொண்டார். நான் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு நாள் தூறல் போட்டது. சாக்கை வெளியே இழுத்தோம். திறந்ததும் வந்த வாடையைப் பூட்டிக் கிடந்த குளியலறையின் வாடை என்றுதான் சொல்ல வேண்டும். ரெக்சினில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. பிளாஸ்டிக் ஜன்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "மெதுவா, மெதுவா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பிடித்து இழுத்துவிட்டார். பக்கத்து ஜன்னலின் மூலை விரிந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் உச்சியிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஜிப்பின் பல்லெல்லாம் துருவேறி இறுகியிருந்தன.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், பின் ஜன்னலில் ஒட்டியிருந்த கறையை எடுக்க அவர் பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கி வந்து துடைத்திருக்கிறார். நான் வந்தபோது அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ஜன்னல். தேங்காய்ப்பால் ஊற்றியதுபோல வெளுத்துப் போயிருந்தது.

"தொடைக்கத் தொடைக்க வெளுக்குது. இன்னும் கொஞ்சம் தொடச்சா தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

"வீட்டுல ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்காளே, ஒரு போன் போட்டு கேக்கக் கூடாதா? தின்னர் பிளாஸ்டிக்கக் கரைக்கும்ங்க."

"நீ கிளாஸ்ல இருப்பன்னு போடல."

ஏதாவது கடுமையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து போனில் வீடியோ பார்ப்பதுதான் அவருக்கு வேலை. ரெக்சின் கூரையை எப்படிக் கழுவ வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இங்கன பாரு, இவன் வெயிலே படக் கூடாதுங்கான்" என்றார் ஒரு நாள். எட்டிப் பார்த்தேன். பேசுகிறவருக்குப் பின்னால் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. "அவரத் தூத்துக்குடிக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்க" என்றேன்.

கார் சீட் கவர் தைக்கும் கடைக்குக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணாச்சி அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதத் தூரப் போட்டுட்டு புதுசா ஆர்டர் போடுங்க. பழைய மாடலு, அளவு சரியா வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். நாங்கள் மறுபடி சுருட்டத் தொடங்கியபோது, "இல்லன்னா லாரிக்குத் தார்ப்பாய் தைக்காங்கள்ளா, அங்கன போய்க் கேளுங்க" என்று சிரித்தார். அவர் கேலிக்குச் சொன்னதை நாங்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டோம்.

துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மோட்டார் வைத்த பெரிய தையல் மிஷின். அதற்குப் பின்னால், ஒரு தார்ப்பாய்க் குவியலுக்கு நடுவே, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர்கள் அவரிடம் பயந்து பயந்துதான் பேசினார்கள். ஒருவரிடம், "கயிறு போட்டு இழுத்தா கிழியத்தான் செய்யும். ஒன் சட்டயப் பிடிச்சி இப்பிடி இழுத்தா கிழியாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. கூரையைத் தரையில் விரித்தோம். அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"புருசனும் பொண்டாட்டியும் சேந்து கொலை பண்ணிருக்கிய."

"தைக்க முடியுமாக்கா?" என்றேன். அவர் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

"நான் உப்பு நனையாம இருக்கத் தைக்கிறவ. ஆளு நனையாம இருக்கத் தைச்சதில்ல." மறுபடி ஒரு சுற்று வந்தார். "வண்டியக் கொண்டாங்க. வண்டி இல்லாம இதத் தொட மாட்டேன். சட்ட தைக்க ஆளு வேணும்லா?"

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கூரையை அதன் மேல் விரித்து, சாக்பீசால் அங்கங்கே கோடு போட்டார். பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ சாக்பீசைத் தேய்த்திருக்கிறேன். இவர் போட்டதுபோல ஒரு நேர்கோடு நான் போட்டதில்லை. வேலை நடந்த மூன்று நாளும் பள்ளி முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கே போனேன். பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். நான் டீச்சர் என்று தெரிந்ததும், "அப்ப சும்மா ஒக்காராதிய டீச்சர், இந்த ஓரத்தப் பிடிங்க" என்று வேலை கொடுத்துவிட்டார்.

உச்சியில் இருந்த கிழிசலுக்கு உள்பக்கமாக ஒரு துண்டு ரெக்சினைப் பசை போட்டு ஒட்டினார். அது காய்ந்த பிறகே ஓரத்தைத் தைத்தார். தையலை இவ்வளவு அகலமாக விடுகிறாரே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"நெருக்கித் தைச்சா தபால் தலையக் கிழிக்கிற மாதிரி அந்த ஓட்ட வழியாவே கிழிஞ்சி வந்துரும். துணி வேற, இது வேற."

இரும்பு ஜிப்பை அறுத்து எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜிப் வைத்தார். தடித்த பிளாஸ்டிக் தாள் வாங்கி வரச் சொல்லி, இரண்டு ஜன்னல்களையும் புதிதாக வெட்டிப் பொருத்தினார். பூஞ்சையைப் போக்கியது மட்டும் என் பங்கு. வீட்டுக்குக் கொண்டுபோய், வெந்நீரில் கொஞ்சம் சோப்புத்தூளும் வினிகரும் கலந்து, மெல்லிய பிரஷால் இரண்டு நாள் தேய்த்தேன். அந்த வாடை போனபோது பள்ளியில் மாநில ரேங்க் வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

மாட்டிப் பார்க்கும் நாள் வந்தது. லாரிகள் வருவதற்கு முன் வந்துவிடச் சொல்லியிருந்ததால் காலை ஆறரைக்கே போய்விட்டோம். முதல் நாள் மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. முன்பக்கப் பட்டன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பின்பக்கம் போனதும் கூரை நின்றுவிட்டது. பட்டனுக்கும் அது மாட்ட வேண்டிய வண்டிக் குமிழுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. என் வீட்டுக்காரர் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்ணும் இழுத்தார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு பட்டன் தெறித்துப்போய்ச் சாலையில் விழுந்தது.

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டார். அதுவரை ஒரு நிமிஷம்கூட வாய் மூடாமல் இருந்தவர், அப்படியே கொட்டகைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அளவு போயிருச்சி டீச்சர். எனக்கு இதுவர அளவு போனதில்ல."

"அப்பிடியெல்லாம் இருக்காதுக்கா."

"கண்ணு முன்னால நிக்கில்லா. பிரிச்சிருதேன். எல்லாத்தயும் பிரிச்சிட்டுத் திரும்பத் தைக்கேன்." பிளேடைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்குக் கூரையைப் பற்றிய கவலை போய்விட்டது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. "மொதல்ல சாப்புடுவோம், அப்புறம் பிரிங்க" என்று பிளேடைப் பிடுங்கி மிஷின் மேல் வைத்தேன். எதிர்த்த கடையில் இட்லி சாப்பிட்டோம். அவர் இரண்டோடு எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர், நிலைமை தெரியாமலோ தெரிந்தேதானோ, ஆறு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டு, பிறகு டீ சொன்னார். டீ வர நேரமானது. பக்கத்து மேசை டிரைவர் ஒருவர் அவரிடம் துறைமுகத்தில் லாரி உள்ளே விடத் தாமதமாவதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் திரும்பியபோது மணி பத்து ஆகியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கூரை பாதி மாட்டியபடியே வண்டி மேல் கிடந்தது. போகிற போக்கில் என் வீட்டுக்காரர் பின்பக்க ஓரத்தைப் பிடித்து, விளையாட்டுபோல ஒரு பட்டனை அமுக்கினார்.

டிக்.

மூவரும் நின்றுவிட்டோம்.

"இப்ப என்ன செஞ்சிய அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யல. அமுக்குனேன்."

"அடுத்தத அமுக்குங்க."

டிக். அதற்கடுத்ததும் விழுந்தது. அந்தப் பெண் ஓடிவந்து மறுபக்கத்திலிருந்து அமுக்கத் தொடங்கினார். கடைசிப் பட்டன் விழுந்ததும் ரெக்சினில் ஒரு தட்டுத் தட்டினார். மேளம்போலச் சத்தம் வந்தது. "அளவு போவல! அளவு போவல டீச்சர்!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். லாரியிலிருந்து யாரோ என்ன விஷயம் என்று கேட்டார்கள். சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

குளிரில் இறுகி, வெயிலில் இளகியிருக்கிறது. இதுதான் நடந்தது. வருஷா வருஷம் பிளாஸ்டிக் பாடம் எடுத்து, சூடாக்கினால் இளகும் என்று கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அன்று காலையில் எனக்கு அது தோன்றவே இல்லை. இதை மாணவிகளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது. ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுவேன். பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஜன்னலை ஒரே திசையில் துடைப்பேன். ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பேன், பட்டனில் துளி வேஸ்லின் வைப்பேன். கழற்றினால் நன்றாகக் காயவைத்து, ஜன்னலுக்கு நடுவே வேட்டித் துணி போட்டுச் சுருட்டி வைப்பேன், மடிப்பதில்லை. தின்னர் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டேன். எங்கே என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஐப்பசி மழையில் கூரைக்குப் பரீட்சை வந்தது. நாசரேத் பக்கம் எங்கள் சொந்த ஊர்க் கோயிலில் அசனம். ஊரே கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. அவருடைய அக்கா, எனக்கு மைனி, விளாத்திகுளத்திலிருந்து முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் ஜீப்பைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"ஏலே, இதுலயா நான் வரணும்? மழ பெஞ்சா?"

"நனையாதுக்கா. லாரிக்குத் தைக்கிறவங்க தைச்சது."

"நான் என்ன உப்பு மூடையால?"

ஆனாலும் ஏறினார், பெரிய கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு. முக்காணிப் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. முன்னால் போகும் பஸ்ஸே தெரியவில்லை. கூரை மேல் சடசடவென்று விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. நான் ஒவ்வொரு தையலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கும் கசியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளா மைனி" என்று திரும்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு. மைனியின் வகிட்டில், சரியாக நடுவில் விழுந்தது. அடுத்தது அவர் மூக்கில்.

மைனி மூக்கைத் துடைத்துக்கொண்டார். மடியிலிருந்த குடையை எடுத்து, வண்டிக்குள்ளேயே விரித்துவிட்டார். குடைக்கம்பி என் கொண்டையில் மாட்டிக்கொண்டது. "ஏக்கா, பின்னால ஒண்ணும் தெரியல!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "நீ முன்னால பாத்து ஓட்டுலே" என்றார் மைனி. குரும்பூர் வரைக்கும் அப்படியே போனோம். கோயில் வாசலில் இறங்கும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. காரிலிருந்து இறங்கிக் குடை விரிப்பவர்களைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. விரித்த குடையோடு வண்டிக்குள்ளிருந்து ஒருவர் இறங்கியதைப் பார்த்துப் பந்திக்குக் காத்திருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மைனியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது என்னிடம் ரகசியமாக, "ஏளா, ஒரே எடத்துலதான் ஒழுவுச்சி. எங்க வீட்டு மாடி இதவிட ஒழுவும். நல்லாத்தான் தைச்சிருக்கா" என்றார்.

திரும்பி வந்ததும் தார்ப்பாய்க் கொட்டகைக்குப் போன் செய்தேன். சொட்டு விழுந்த விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ரப்பர் பசையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊசி போன ஓட்டை ஒன்று அடைபடாமல் இருந்திருக்கிறது. உள்ளே ஏறி நின்று அதைக் கண்டுபிடித்து, அந்தத் தையல் முழுவதும் பசை தடவினார். நாங்கள் மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

குசினியில் நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க நினைக்கிறார் என்று தெரிந்தது.

"என்னக்கா?"

"இல்ல டீச்சர். இது கழத்துற கூரதான?"

"ஆமா."

"எத்தனையோ லாரிக்கு மூடி தைச்சிருக்கேன். ஒரு வண்டிலயும் ஏறிப் போனதில்ல. இதக் கழட்டிட்டு ஒரு தடவ போவமா?"

வானம் வெளுத்திருந்தது. கூரை காய்ந்ததும் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்தோம். அவரை முன்னால் உட்காரவைத்து, நான் பின்னால் ஏறினேன். துறைமுகச் சாலையில் திரும்பியதும் லாரிக்காரர்களுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்தது. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கையாட்டினார். "ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டு!" என்று அந்தப் பெண் எழுந்து நின்று கத்தினார். பிறகு உட்கார்ந்து, காற்றில் பறந்த முடியை ஒதுக்கக்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார். கடற்கரையில் பத்து நிமிஷம் நின்றோம். சுண்டல் வாங்கித் தின்றோம்.

திரும்பும்போது என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார்.

"அண்ணாச்சி, எங்க தெரு வழியாப் போங்க. மெதுவாப் போங்க."

மிகவும் மெதுவாகத்தான் போனோம். தெரு முழுக்க வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை, முதுகை நிமிர்த்தி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண், "என்னளா, மேல ஒண்ணுமில்லாத வண்டில போற?" என்று கேட்டார்.

"கூர இருக்கு" என்றார் இவர், தலையைக்கூடத் திருப்பாமல். "நான்தான் தைச்சேன். டீச்சர் வீட்டுல பத்திரமா வச்சிருக்கு."